கேட்கிறவளுக்கும் ஒரு வாய் உண்டு

"மேடம், கேக்கறதுக்கு நல்ல பாட்காஸ்ட்டா ஒரு பத்து எழுதிக் கொடுங்களேன்" என்று இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். அன்றிரவே உட்கார்ந்து எழுதி, மறுநாள் கொடுத்தேன். உலகப் புகழ் பெற்றவை, விருது வாங்கியவை, நானே பேருந்தில் கேட்டு ரசித்தவை. இரண்டு வாரம் கழித்து, எதைக் கேட்டாய் என்று விசாரித்தேன். "ரெண்டு கேட்டேன் மேடம். அதுவும் பாதிப் பாதி" என்றாள்.

காரணத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். காதில் ஹெட்செட்டோடு அவள் பேருந்தில் உட்கார்ந்திருந்ததை ஊர்க்காரர் யாரோ பார்த்து அவள் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். "அவ்ளோ நேரம் யார்கிட்ட பேசினு வர?" என்று கேட்டு அவன் ஹெட்செட்டை வாங்கி வைத்துக்கொண்டான். போனைப் பிடுங்கவில்லை. வீட்டில் எல்லோர் முன்னாலும் ஸ்பீக்கரில் எதை வேண்டுமானாலும் கேட்டுக்கொள் என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு வந்து என் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மாதவிடாய், உடல், மணமுறிவு, காதல், சாதி மறுப்புத் திருமணம். அப்பாவும் அண்ணனும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் சத்தமாக வைத்துக் கேட்கக்கூடியவை அதில் இரண்டுதான். அந்த இரண்டைத்தான் அவள் கேட்டிருந்தாள்.

சிந்திக்க வைக்கும் பாட்காஸ்ட்டுகள் என்று வருகிற பட்டியல்கள் எல்லாவற்றிலும் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. கேட்பவருக்குச் சொந்தமாக ஒரு போன் இருக்கும், சொந்தமாக ஒரு காது இருக்கும், யாரும் ஏன் என்று கேட்காத ஒரு மணி நேரம் இருக்கும் என்ற நம்பிக்கை. 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் தி கார்டியன் இதழில் எழுதிய கட்டுரையில்தான் இந்தச் சொல் முதலில் வந்தது. ஐபாடின் பாதியும் பிராட்காஸ்ட்டின் பாதியும் சேர்ந்த சொல் அது. தனி ஒருவர் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் கருவி அதன் பெயரிலேயே இருக்கிறது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தாமே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்த பெண்கள் இந்தியாவில் 54 விழுக்காடு. அந்த 54இலும் காது எத்தனை பேருக்குச் சொந்தம் என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை.

எனவே, பட்டியலை வேறு விதமாகச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தேன். என் ஊர் தென்னேரி. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று எங்களுடையது. இளந்திரையன் பெயரால் திரையனேரி என்று இருந்ததுதான் தென்னேரி ஆனது என்பார்கள். ஏரி நிறைந்தால் வயல் வேலை, இல்லாவிட்டால் நூறு நாள் வேலை, அதுவும் இல்லாவிட்டால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் திண்ணையில் மூன்று பேர் கூடுவார்கள். ஆயுள் முழுக்க நாற்று நட்ட, எழுத்து தெரியாத என் பெரியம்மா. பட்டுத்தறிக்குத் தார் சுற்றிக் கொடுக்கும் எதிர்வீட்டு அக்கா. கம்பெனி வேனில் ஷிஃப்டுக்குப் போய் வரும் அக்காவின் மகள். நடுவில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டேன். ஆங்கிலத்தில் இருப்பதை நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன்.

முதலில் வைத்தது சீரியல். பாட்காஸ்ட் என்ற வடிவத்தை உலகம் முழுக்கப் பேச வைத்த தொடர் அது. 2014 அக்டோபரில் தொடங்கி 12 பகுதிகள் வந்தது. பீபடி விருது வாங்கிய முதல் பாட்காஸ்ட். 1999இல் அமெரிக்காவின் பால்டிமோர் பகுதியில் ஹே மின் லீ என்ற 18 வயதுப் பள்ளி மாணவி கொல்லப்பட்டாள். அவளுடைய முன்னாள் காதலன் அத்னான் சையதுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவர் உண்மையில் கொன்றாரா என்று சாரா கோனிக் என்ற செய்தியாளர் வாரா வாரம் தேடிப் போகிறார். சிறையிலிருந்து அத்னான் பேசும் தொலைபேசிக் குரல் நம்மை இழுத்துப் போகும். நான் இந்தத் தொடரை ஒரே மூச்சில் கேட்டவள். நீதிமன்றச் சாட்சியை எப்படிக் கேள்விக்குள்ளாக்குவது என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கவும் பயன்படுத்தியவள்.

பெரியம்மா பாதியில் கேட்டார்: "அந்தப் பொண்ணோட அம்மா இன்னா சொன்னாங்கோ?"

ஒன்றும் சொல்லவில்லை. ஹே மின் லீயின் குடும்பம் தொடரில் பேசவில்லை. அவளுடைய நாட்குறிப்பின் சில வரிகளை மட்டும் வேறொருவர் குரலில் கேட்கிறோம். 12 பகுதி கேட்டு முடித்த பிறகும் அவள் என்னவாக ஆசைப்பட்டாள் என்பதைவிட, அவளைக் கொன்றவன் எந்த நேரத்தில் எங்கே நின்றிருக்கக்கூடும் என்பதுதான் நமக்கு நன்றாகத் தெரிகிறது. எனக்கு இது முதல் முறை கேட்டபோது உறைக்கவில்லை. இன்று தமிழிலும் குற்றக் கதை சொல்லும் நிகழ்ச்சிகள் பெருகிவிட்டன. பின்னணி இசையோடு, "அன்னைக்கு ராத்திரி அவங்க கதவைத் திறந்தாங்க" என்று தொடங்கும் குரல்கள். அவற்றில் செத்துப்போவது பெரும்பாலும் பெண்கள். சீரியலைக் கேளுங்கள், நல்ல விசாரணை என்றால் என்ன என்று அதில் கற்கலாம். ஆனால், எங்கள் பெரியம்மாவின் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இரண்டாவது, தி கில்ட்டி ஃபெமினிஸ்ட். லண்டனில் டெபோரா ஃபிரான்சிஸ் ஒயிட் நடத்துவது. 2015 இறுதியில் தொடங்கியது. மேடையில், பார்வையாளர்கள் முன்னால் பேசுவார்கள். ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் ஒரு விளையாட்டு உண்டு. "நான் பெண்ணியவாதிதான், ஆனால்" என்று ஆரம்பித்து ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுடைய நகைச்சுவையில் பாதி எங்கள் திண்ணைக்கு வந்து சேரவில்லை. ஒப்பனை, டேட்டிங், லண்டன் அலுவலகம். வசதியான பெண்களின் சின்னச் சின்னக் குற்றவுணர்வு என்று எனக்கே அலுப்பு தட்டியது உண்டு. ஆனால் விளையாட்டு எங்களுக்குப் பிடித்துவிட்டது. பெண்ணியவாதி என்ற சொல் அவர்களுக்கு அந்நியமாக இருந்ததால், "எனக்கு யார்மேலயும் பயம் இல்ல, ஆனா" என்று மாற்றிக்கொண்டோம்.

நான் முதலில் சொன்னேன்: "வகுப்புல பெண் விடுதலை பேசுவேன், ஆனா என் தம்பி சாப்பிட்ட தட்டை இன்னும் நான்தான் எடுக்கறேன்." சிரித்தார்கள். கம்பெனிக்குப் போகும் பெண், "நைட் ஷிஃப்ட்ல ஒரு லைனையே பார்த்துக்கறேன், ஆனா கடைக்குப் போகணும்னா தம்பி கூட வரணும்" என்றாள். அதற்கும் சிரித்தோம். அப்புறம் எதிர்வீட்டு அக்கா தாரிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "எனக்கு யார்மேலயும் பயம் இல்ல. ஆனா தார் சுத்தின கூலிய அப்படியே அவர் கைல குடுத்துட்டு, தலைவலி மாத்திரைக்கு அவர்கிட்டயே காசு கேக்கறேன்."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு வெகு நேரம் கூலியைப் பற்றிப் பேசினோம். போன் தானாக அணைந்துபோயிருந்தது. நான் கேட்ட பாட்காஸ்ட் பகுதிகளில் மிகச் சிறந்தது, அது அணைந்த பிறகு நடந்த அந்த ஒரு மணி நேரம்தான்.

மூன்றாவதாகத் தமிழ். எழுத்து தெரியாதவர்களுக்கும், கண் போனவர்களுக்கும், கை ஓயாதவர்களுக்கும் இன்று நாவல்கள் ஒலியாகக் கிடைக்கின்றன. தீபிகா அருணின் கதை ஓசை இதில் முன் நிற்கிறது. நிதானமான வாசிப்பு, சுத்தமான உச்சரிப்பு, அளவான நடிப்பு. கல்கியின் சிவகாமியின் சபதம் ஒலிநூலாகப் பல குரல்களில் கிடைக்கிறது. 1940களில் தொடராக வந்த கதை. காஞ்சியில் நடப்பது என்பதால் பெரியம்மாவுக்கு இரட்டை ஆர்வம். எங்களூர்க் கதையைக் கேட்பதுபோல் வாரக்கணக்கில் கேட்டார். வாதாபி எரியும்வரை திரும்ப மாட்டேன் என்று சிவகாமி சபதம் எடுக்கிறாள். ஆண்டுகள் கழித்து மாமல்லர் படையெடுத்துப் போய் எரிக்கிறார். அதற்குள் அவருக்குப் பாண்டிய இளவரசியோடு கல்யாணமும் ஆகிவிட்டது. சிவகாமிக்கு மிஞ்சுவது ஏகாம்பரநாதர் சன்னிதியும் நடனமும்.

முடிந்ததும் பெரியம்மா, "சபதம் போட்டவ இவ. ஊரைக் கொளுத்தி பேர் வாங்கினவன் அவன். இவளுக்கு இன்னா கெடச்சிது?" என்றார். புத்தகமாகப் படித்தபோது கடைசி அத்தியாயத்தில் கண்கலங்கியவள் நான். ஒரு தடவைகூட இந்தக் கேள்வி எனக்கு எழவில்லை. தமிழ் ஒலிநூல்களுக்கு இன்று நல்ல குரல்கள் கிடைத்துவிட்டன. நாவல் முடிந்ததும் இப்படிப்பட்ட ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உங்களுக்கு என்ன தோன்றியது என்று அரை மணி நேரம் கேட்கிற பகுதி வந்தால் அதுதான் என் முதல் பரிந்துரையாக இருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். பெண்களின் காதுக்கென்று நிகழ்ச்சி செய்வது பாட்காஸ்ட்டோடு தொடங்கியதில்லை. பிபிசியின் வுமன்ஸ் அவர் 1946 அக்டோபர் 7 அன்று தொடங்கியது. இன்றும் பாட்காஸ்ட்டாகக் கேட்கலாம், கேட்க வேண்டியதும்கூட. பெண்களின் மணி நேரம் என்று பெயர் வைத்த அந்த நிகழ்ச்சியின் முதல் தொகுப்பாளர் ஆலன் ஐவிமி என்ற ஆண். இலங்கை வானொலியில் ராஜேஸ்வரி சண்முகம் நடத்திய நிகழ்ச்சியைத் தமிழ்நாட்டிலும் ஆசையாகக் கேட்டார்கள். அவருடைய குரலுக்காகவே வேலையை நேரம் பார்த்து முடித்தவர்கள் உண்டு. அதன் பெயர் பூவும் பொட்டும் மங்கையர் மஞ்சரி. பெரியம்மா முப்பது வயதில் கணவரை இழந்தவர். அந்தப் பெயரைக் கேட்டால் பூவையும் பொட்டையும் பறிகொடுத்த பெண்ணுக்கு, இது உனக்கில்லை என்றுதானே காதில் விழும்?

1960களின் நடுவில் திருச்சி வானொலி நிலையம் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைப் பற்றித் தொடர்ந்து ஒலிபரப்பியது. தஞ்சை வட்டாரத்தில் அது பரவிய வேகத்தில் ரேடியோ நெல் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. வானொலியின் வல்லமைக்கு இதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். விவசாயி என்று சொன்னதும் நம் காதில் ஓர் ஆண்தான் வந்து நிற்கிறார். நாற்றுப் பறித்ததும் நட்டதும் களை எடுத்ததும் பெண்கள். அவர்களிடம் மைக்கை நீட்டி, இந்த நெல் எப்படி என்று கேட்டிருந்தால் முதுகுவலியிலிருந்து கூலி வரை சொல்லியிருப்பார்கள்.

மைக்கைத் தாங்களே கையில் எடுத்த பெண்களும் இருக்கிறார்கள். தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி அமைப்பைச் சேர்ந்த தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ 2008 அக்டோபர் 15 அன்று முறைப்படி ஒலிபரப்பைத் தொடங்கியது. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் 2002இல் சமுதாய வானொலிக்கு வழி திறந்தபோது கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே உரிமம். 2006இல்தான் மக்கள் அமைப்புகளுக்கும் கதவு திறந்தது. அதுவரை இந்தப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பதிவு செய்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள், கேட்டுவிட்டுப் பேசினார்கள். விதை, சிறுதானியம், கைவைத்தியம், பாட்டு, எல்லாம் அவர்களுடைய சொந்த வட்டாரத் தெலுங்கில். நிலையத்தை நடத்திய இருவருக்கும் நரசம்மா என்றே பெயர். எங்கள் திண்ணையில் இந்தக் கதையைச் சொன்னபோது, "அவங்க வயல்வேலை செய்றவங்கதானா?" என்று அக்கா இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

நம் பக்கத்திலும் பேசியவர்கள் உண்டு. புதுச்சேரிக்கு அருகே ஒரு கிராமத்தில் விவசாயக் கூலியாக வாழ்ந்த விராம்மா, தன் வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் ஜோசியான் ரசீனிடம் சொல்லச் சொல்ல, அது ஒலிநாடாவில் பதிவானது. பாட்டு, ஒப்பாரி, பேய்க்கதை, கேலி எல்லாம் தெரிந்த அபாரமான கதைசொல்லி அவர். 1995இல் அது பிரெஞ்சு மொழியிலும் 1997இல் ஆங்கிலத்திலும் நூலாக வந்தது. தமிழில் பேசிய ஒரு தலித் பெண்ணின் வாழ்க்கையை நான் ஆங்கிலத்தில் படித்தேன். அவருடைய குரலை இன்றுவரை கேட்டதில்லை. அம்பை என்று நாம் அறிந்த சி.எஸ். லட்சுமி 1988இல் மும்பையில் தோழிகளோடு தொடங்கிய ஸ்பாரோ ஆவணக்காப்பகம், பெண்களின் வாழ்க்கையை ஒலியாகவும் படமாகவும் சேர்த்து வைப்பதையே தன் வேலையாகக் கொண்டது. ஒரு பெண்ணை எப்படிப் பேச வைப்பது, எங்கே குறுக்கிடாமல் இருப்பது என்று கற்க விரும்பும் மாணவிகள் அவர்களுடைய பணியைத் தேடிப் பார்க்க வேண்டும். மூன்று மணி நேரம் ஆண்கள் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்ளும் நேர்காணல்களைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது நல்ல மருந்து.

தமிழில் கேள் என்ற ஒரே சொல்லுக்குச் செவிகொடு என்றும் பொருள், வினவு என்றும் பொருள். திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குக் கேள்வி என்று பெயர். அங்கே அது கேட்டு அறியும் அறிவு. இன்று கேள்வி என்றால் வினா. ஒரு சொல்லின் இரண்டு கைகள் இவை. பெண்களிடம் வரும்போது மட்டும் ஒரு கையைக் கட்டிவிடுகிறார்கள். சொன்ன பேச்சைக் கேள், பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள், எதிர்க்கேள்வி கேட்காதே. பெண்களுக்கான பாட்காஸ்ட் என்று வருபவற்றில் பாதிக்கும் மேல் இந்த முதல் கையைத்தான் பிடித்துக் கொள்கின்றன. பிள்ளையை இப்படி வளருங்கள், உடம்பை இப்படிக் குறையுங்கள், கோபத்தை இப்படி அடக்குங்கள், அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்திருங்கள். எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் ஐந்து மணிக்கு எழ ஆலோசனை தேவைப்படவில்லை. அக்காவின் மகள் சொன்னாள்: "ஷிஃப்ட் முடிஞ்சு வேன்ல ஏறினா பத்து நிமிஷத்துல தூங்கிடுவேன் அக்கா. எந்தப் பாட்காஸ்ட்டுக்கும் எனக்கு முடிவு தெரியாது." 

உத்திரமேரூர் எங்களுக்குத் தூரமில்லை. அங்கே மண்டபச் சுவர்களில் முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறைக்காக அவற்றைப் பள்ளிக்கூடத்திலிருந்தே பெருமையாகப் படித்திருக்கிறோம். ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று ஒரு குழு. உறுப்பினராக வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், 35 வயதுக்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். அந்த விதிகளைத் தாண்டி ஒரு பெண்ணின் பெயரோ, நிலமற்ற ஓர் உழைப்பாளியின் பெயரோ குடத்துக்குள் போயிருக்க வழியில்லை. ஏரியைப் பற்றி அவர்களுக்கும் ஏதாவது சொல்ல இருந்திருக்கும். இன்று தமிழ்நாட்டின் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. பெயர் குடத்துக்குள் வந்துவிட்டது. கூட்டத்தில் பேசுவது பல ஊர்களில் இன்னும் அவர் வீட்டுக்காரர். ஆயிரம் ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்ததன் பழக்கம் ஓர் அரசாணையில் போய்விடாது.

அதனால் அந்த மாணவிக்குப் புதிதாக எழுதிக் கொடுத்த தாளில் பெயர்கள் குறைவு. சீரியல், ஆனால் இறந்தவளின் பக்கம் நின்று. கில்ட்டி ஃபெமினிஸ்ட், ஆனால் முதல் ஐந்து நிமிடத்துக்குப் பிறகு நிறுத்திவிட்டு விளையாட்டை நீங்களே தொடர்ந்து. வுமன்ஸ் அவர், அன்றைய பொருளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து. கதை ஓசை, வீட்டில் எழுத்து தெரியாத ஒருவரோடு சேர்ந்து. எதைக் கேட்டாலும் மூன்று கேள்விகள்: இதில் யார் பேசவில்லை? என்னைப் போல ஒருத்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று இவர்களுக்குத் தெரியுமா? முடிந்ததும் எனக்கு ஏதாவது கேட்கத் தோன்றுகிறதா? ஒன்றும் தோன்றவில்லை என்றால் அது எவ்வளவு பெரிய விருது வாங்கியிருந்தாலும் அடுத்ததற்குப் போகலாம். தாளின் கடைசியில் ஒரு வேலையும் எழுதியிருந்தேன். போனில் ரெக்கார்டர் இருக்கிறது. அதற்கு ஹெட்செட் வேண்டாம். வீட்டில் இதுவரை யாரும் எதுவும் கேட்டிராத ஒரு பெண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பதிவு செய்துகொண்டு வா.

ஹெட்செட் இன்னும் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் பதிவைக் கொண்டுவந்தாள். 11 நிமிடம். அவளுடைய பாட்டி, பதினைந்து வயதில் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்த நாளைப் பற்றிச் சொல்கிறார். வண்டி, மழை, பசி, அழக்கூடப் பயம். பாதியில் கதவு திறக்கும் சத்தம். "இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்?" என்று ஓர் ஆண் குரல்.

"நான் பேசினு இருக்கேன்" என்கிறார் பாட்டி. "நீ செத்த சும்மா இரு."